அண்ணன் பேரில் ஒரு கார்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் கற்பனையைப் பாராட்டி யாரும் கடிதம் எழுத வேண்டாம். வாகனப் பதிவு அலுவலகத்தில் என் வண்டி விஷயமாக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் ஒரு அண்ணனும் தம்பியும். காதில் விழுந்தது பாதி. மீதி, அவர்கள் முதுகைப் பார்த்து நான் கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘பள்ளி வேன் ஓட்டுநரின் உள்ளத்தில் புயலொன்று வீசிக்கொண்டிரு—’

வேண்டாம். புயலும் இல்லை, மண்ணும் இல்லை. அவருக்குப் பசி. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார்.

பள்ளி வேன் ஓட்டுகிற இந்த அண்ணன், எப்போதோ தன் பழைய காரைத் தம்பிக்குக் கொடுத்தார். சாவியைக் கொடுத்தார், பேரை மாற்றவில்லை. “நமக்குள்ள என்னடா பேப்பரு?” என்றார். தம்பி மருந்துக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவன். எங்கே நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறதோ, அங்கேதான் நிறுத்துவான். அபராதச் சீட்டுகள் அண்ணன் வீட்டுக்கு வரும். உடனே போன் போடுவார்.

“இன்னொண்ணு வந்திருக்குடா.”

“கட்டிடறேண்ணே.”

கட்ட மாட்டான். [இங்கே வாசகர்கள் தம்பியைத் திட்டிக்கொள்ளலாம். நானும் திட்டினேன்.]

3

அண்ணனின் லைசென்ஸ் முடியப்போகிறது. புதுப்பிக்கப் போனால், “உங்க பேர்ல பாக்கி நிக்குது, அது தீராம முடியாது” என்றுவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் வேன் இல்லை, வேன் இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாது. அண்ணி பொறுமை இழந்தார்.

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறங்க. பாக்கிய உங்க தம்பி கட்டட்டும். அப்படியே பேரயும் மாத்திட்டு வாங்க.”*

* அண்ணியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் யாரோ பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். இந்த மனுஷன் தானாக வருகிற ஆள் இல்லை.

4

தம்பி முணுமுணுத்துக்கொண்டே பாக்கியைக் கட்டிவிட்டு வந்தான். கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தைத் தள்ளினார். அண்ணன் பேனாவை எடுத்தார். கீழே வைத்தார்.

“பேர மாத்திட்டா, இன்சூரன்ஸுக்கு என் கையெழுத்து வேணாமில்லடா?”

“வேணாண்ணே. சீட்டெல்லாம்கூட எனக்கே வந்துடும். இனிமே உனக்குத் தொல்லையே இல்ல.”

விஷயம் இதுதான். வருடத்துக்கு ஒரு தடவை, அந்தக் கையெழுத்துக்காகத்தான் தம்பி அண்ணன் வீட்டுப் படி ஏறுவான். டீ குடிப்பான், பையன் வளர்ந்துவிட்டான் என்பான், கிளம்பிவிடுவான். அன்றைக்கு அண்ணன் லீவு போட்டிருப்பார். நடுவில் அபராதச் சீட்டு வந்தால் குரலையாவது கேட்கலாம். தம்பி என்றால் அவருக்கு உயிர். ‘வாடா’ என்று கூப்பிடத்தான் வாய் வராது.

5

முடிவு, ஒன்று: “நான் சும்மாவே வருவேண்ணே” என்று தம்பி அண்ணனைக் கட்டிக்கொள்— (அடித்துவிட்டேன். சும்மா வருகிற தம்பியாக இருந்தால் இந்தக் கதை எதற்கு?)

இரண்டு: அண்ணன் விறுவிறுவென்று வெளியே போய்விடுகிறார். (நல்லது. வேனை யார் ஓட்டுவது, நீங்களா?)

நான் பார்த்தது: அண்ணன் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார்.

“பொருந்தலையேங்க. சரியா போடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் அடுத்த வாரம் மறுபடி வரணும்.”

“ரெண்டு பேருமா?” என்றார் அண்ணன்.

“ரெண்டு பேரும்தான்.”

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “என்னண்ணே, உன் கையெழுத்தே உனக்கு மறந்துபோச்சா?”

புதுப் படிவம் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா என் டோக்கனைக் கூப்பிட வேண்டும்! போய்விட்டேன். நான் திரும்பியபோது அவர்கள் இருந்த நாற்காலியில் வேறு யாரோ.

ஆனால் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நீங்கள்தான். பேனா அண்ணன் கையில் இருந்தது. என்ன போட்டார் என்று பார்த்திருப்பீர்கள். வந்து சொல்லுங்கள். காரணம் ஒன்றும் வேண்டாம், சும்மாவே வரலாம்.