அசனச் சோறும் பச்சைக் குளமும்

“குளம் இப்படியே நாறுனா, அடுத்த வருஷ அசனத்தத் தூத்துக்குடி மண்டபத்துக்கு மாத்திருவோம்” என்று குருவானவர் சொன்னதிலிருந்து எபனேசருக்குச் சோறு இறங்கவில்லை. ஆலமரத்து நிழலில், குளத்துக் காற்று முதுகில் பட, சபையார் மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டால்தான் அது அசனம். ஏசி மண்டபத்தில் டோக்கன் கொடுத்துச் சாப்பிடுவதற்கு அவரைப்போல அசனக் கமிட்டித் தலைவர் என்று ஒருவர் எதற்கு?

குளம் பச்சை பெயின்ட் ஊற்றியதுபோலக் கிடந்தது. உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன எபனேசருக்குக் காரணம் தெரியாதா? யூரியாவும் டிஏபியும் மழைத்தண்ணீரோடு இறங்கினால் பாசிக்குக் கொண்டாட்டம், மீனுக்குத் திண்டாட்டம். கரையை ஒட்டி வாழை போட்டிருக்கும் ஆவுடையப்பன்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டு ஸ்கூட்டரை விரட்டினார்.

“வே ஆவுடையப்பன், கரையோரம் பத்தடிக்கு உரம் போடாம விடும். அதுல புல்லு வளரட்டும். வழிஞ்சு வாரத அது குடிச்சிரும்.”

வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் நிமிர்ந்தார். “விடுதேன் அண்ணாச்சி. ஆனா அசனத்துல மிஞ்சுனதெல்லாம் அண்டா அண்டாவா குளத்துல கவுத்துதியளே, அதுவும் பாசிக்குத் தீனிதான?”

ஜெபம் பண்ணிய சோற்றைக் குப்பையில் கொட்டக்கூடாது, காலில் மிதிபடவும் கூடாது. மீனாவது தின்னட்டும் என்று வருஷா வருஷம் முதல் அண்டாவைக் கவிழ்ப்பவரே எபனேசர்தான். அதை ஊழியமாகவே நினைத்திருந்தார். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மீனுக்குன்னுதான்வே போட்டோம்.”

“திங்க மீன் எங்க இருக்கு?”

“பின்ன எங்கன போட? ஜெபம் பண்ணுன சோறுல்லா!”

“என் வாழைக்குப் போடுங்க. குழி வெட்டி மூடிருதேன். யார் காலும் படாது. எனக்கும் உரம் மிச்சம்.”

அந்த வருஷ அசனம் முடிந்ததும் எபனேசரே மைக்கைப் பிடித்தார். “இத்தன வருஷம் நாந்தான் தப்பு பண்ணிட்டேன். அண்டாவ வாழத் தோட்டத்துக்குத் தூக்குங்க. கழுவுறதும் அங்கனதான்.” சிலர் முணுமுணுத்தார்கள். அண்டா என்னவோ நகர்ந்தது.

மழை வந்தது, கரையோரம் புல் வளர்ந்தது. மறுவருஷம் அசனத்துக்கு நாள் குறிக்குமுன் குருவானவர் குளத்தைப் பார்க்க வந்தார். எபனேசரும் கூடப் போனார். குளம் முழுசாகத் தெளிந்துவிடவில்லை. ஆனால் நாற்றம் போயிருந்தது. கரையோரம் அடி தெரிந்தது.

“மண்டபம் வேண்டாம் அண்ணாச்சி, இங்கயே வச்சிருவோம்” என்ற குருவானவர் தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார். “அங்க என்ன, நீளமா?”

எபனேசரும் பார்த்தார். முன்னொரு அசனத்தில் காணாமல்போய், சமையல்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அசனக் கரண்டி, சேற்றில் சாவகாசமாகப் படுத்திருந்தது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க, தோட்டத்திலிருந்து ஆவுடையப்பன் குரல் கொடுத்தார்.

“நல்லாத் தேச்சுக் கழுவுங்க அண்ணாச்சி. ஆனா குளத்துல வேண்டாம்!”