ஓரகடத்தில் மட்டும்

வீட்டு வாசலில் நிற்கும்போது அந்த வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. ரஞ்சனியைக் குழப்பியது அதுதான். பல் தேய்த்த கையோடு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்து, பிக்கப்பின் பக்கத்து சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த பேட்டரியின் இரண்டு முனைகளிலும் கம்பியை வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. நல்ல எண். அண்ணனைக் கூப்பிட்டாள். எழிலரசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்ப, வண்டி ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. என்ஜின் ஓடும்போது மறுபடி அளந்தாள். பதினான்கு. அதுவும் நல்ல எண். ஆல்டர்னேட்டர் கரண்ட் தருகிறது, பேட்டரி வாங்கிக்கொள்கிறது, செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது. எலக்ட்ரிக்கல் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி பார்த்தால் எல்லாம் சரி.

"இன்னா சொல்லுது உன் மிசினு?" என்றான் எழிலரசன்.

"நல்லாகீதுன்னுதான் சொல்லுது."

"நேத்தும் அத்தான் சொல்லிச்சு, டாக்டரம்மா." கேலியாகத்தான் சொன்னான். ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

பென்னலூரில் அவர்களுக்கு ஒரு கொட்டகை இருந்தது. கம்பெனிகளில் பாரம் அடுக்கும் மரத்தட்டுகள், அதாவது பேலட்டுகள், உடைந்து வந்தால் பலகை மாற்றி ஆணி அடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை. இருங்காட்டுக்கோட்டைக்கு எப்போதாவது ஒரு நடை போகும். மற்றபடி எல்லாம் ஓரகடத்தில் இருக்கிற ஒரே கம்பெனிக்குத்தான். அந்தக் கம்பெனியின் சட்டம் கறாரானது. வளாகத்துக்குள் வண்டியை நிறுத்தினால் என்ஜினை அணைத்துச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். முறை வந்ததும் சாவியை வாங்கி, செல்ஃபில் ஸ்டார்ட் செய்து, சரக்கு ஏற்றி இறக்கும் டாக்குக்குப் போக வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வது அங்கே பெரிய குற்றம். வெளியே ரோட்டில் எந்த டிரைவரும் கூச்சமில்லாமல் செய்கிற காரியம், அந்தச் சுவருக்குள் விபத்து என்று எழுதப்படும். எழிலரசனின் வண்டி அங்கே இரண்டு தடவை செத்துப்போய், மற்ற டிரைவர்கள் தள்ளிவிட்டதை சேஃப்டி ஆபீசர் சசிகலா பார்த்துவிட்டாள். இன்றைக்கு அவளே வந்து பார்ப்பாளாம். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் இந்த வண்டி எண்ணுக்கு இனிமேல் கேட் திறக்காது. வேறு வண்டி வாங்கக் கதியில்லை. கொட்டகைக்கு வேறு வேலையும் இல்லை.

இத்தனை நாளும் ரஞ்சனி வரிசையாகத்தான் போனாள். முதலில் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். எர்த் கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். வண்டி சும்மா நிற்கும்போது எங்காவது கரண்ட் கசிகிறதா என்று மீட்டரை நடுவில் இணைத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டைக்குப் போன நாளில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஓரகடம் போனால் மட்டும் மதியத்துக்குள் முனகிப் படுத்துக்கொண்டது. அந்த ரோட்டின் வேகத்தடைகளில் ஏதாவது இணைப்பு ஆட்டம் காண்கிறதோ என்று ஒவ்வொரு வயரையும் பிடித்து உலுக்கினாள். எதுவும் ஆடவில்லை. கடைசியில் ஆல்டர்னேட்டராகத்தான் இருக்கும் என்றாள். அவள் சொன்ன ஒரே சொல்லுக்காக, எழிலரசன் ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரீசியன் பிச்சையாவின் கடைக்குப் போய் அதை மாற்றினான். அதற்கடுத்த நாளும் ஓரகடத்தில் வண்டி படுத்தது.

"பழசும் நல்லாத்தான் இருந்துச்சு தாயி. நீங்க மாத்தச் சொன்னிய, மாத்திட்டேன்" என்றார் திருநெல்வேலிக்காரரான பிச்சையா. பிறகு அவரே தலையைச் சொறிந்துகொண்டார். "எனக்கும் ஒண்ணும் வெளங்கல. ஒங்க வண்டிக்கு ஓரகடத்து ஆளுவளப் பிடிக்கல போல."

அன்றிலிருந்து ரஞ்சனி வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். பகலெல்லாம் வேறொரு கம்பெனியின் லைனில் நின்றுவிட்டு மாலையில் அங்கே போய் உட்காரும்போது, போர்டில் வரைகிற படமெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. கரண்ட் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறு முனைக்கு வந்து சேர்ந்தது. வீட்டு வாசலில் இருக்கிற வண்டியில் மட்டும் அது எங்கே போய்த் தொலைகிறது? தனக்குப் படிப்பு ஏறவில்லையா, ஏறிய படிப்பே தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத இந்தத் தங்கச்சியை அண்ணன் ஏன் நம்புகிறான் என்பது அதைவிடப் புரியவில்லை.

இன்று தன் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு, முற்பகலில் ஷேர் ஆட்டோ பிடித்து ஓரகடத்தில் இறங்கினாள். ஹெல்பர் என்று சொல்லிப் பாஸ் வாங்கினாள். லைனில் போடுகிற ஷூ காலிலேயே இருந்ததால் கேட்டில் தகராறு இல்லை. வண்டிகள் காத்திருக்கும் இடம் உள்ளே, கேன்டீனுக்குப் பின்புறம். லாரிகளுக்கு நடுவில் அவர்கள் பிக்கப் நின்றது. எழிலரசனைக் காணவில்லை. முன் கண்ணாடியை ஓர் அட்டையும், பக்கக் கண்ணாடிகளைத் துண்டுகளும் மறைத்திருந்தன. வெயிலுக்காக என்று நினைத்துக் கதவைத் திறந்தாள்.

முதலில் கேட்டது ஒரு ரீங்காரம். பக்கத்து சீட்டு தூக்கியே இருந்தது. பேட்டரியின் முனைகளைச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு பெரிய கிளிப்புகள் கவ்வியிருந்தன. அவற்றின் வயர் ஒரு சின்ன இன்வெர்ட்டர் பெட்டிக்குப் போனது. பெட்டியிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு, அதிலிருந்து இன்னொரு போர்டு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பேலட் பலகையில் அடித்த அடுக்குத் தட்டு. அதன் தடுப்புகளில் வரிசையாக செல்போன்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளை வயர். கீறல் விழுந்தவை, ரப்பர் பேண்ட் போட்டவை, பூனைக் காது வைத்த உறை மாட்டியவை. முப்பதுக்குக் குறையாது.

பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்தாள். பன்னிரண்டுக்குக் கீழே போயிருந்தது.

கிடைத்துவிட்டது. ஒரு கணம் அவளுக்குக் கூவ வேண்டும் போலிருந்தது. ஆல்டர்னேட்டரும் இல்லை, எர்த்தும் இல்லை. எல்லா நாளும் எல்லா எண்ணும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. அடுத்த கணமே, இது என்ன என்று விளங்காமல் அப்படியே நின்றாள்.

"யாருக்கா நீங்க? எழிலண்ணன் எங்க?" பின்னால் ஒரு குரல். கம்பெனிச் சட்டையும் தலையில் வலைத் தொப்பியுமாக ஒரு பெண், டீ டம்ளரோடு மூச்சிரைக்க நின்றாள். "நான் மாரிசெல்வி, அசெம்பிளில இருக்கேன். என் போன்ல எங்கம்மா கூப்பிட்டிருக்காவளான்னு ஒருக்கா பாத்துட்டு ஓடிருதேன். டீ டயம் முடியப்போவுது."

"நான் அவர் தங்கச்சி. இதெல்லாம் யாரோட போன்?"

"எங்களோடதுதான். ரூம்ல ஒத்த பிளக்குக்கா. அதுல யாரு போடுறதுன்னு தெனம் சண்டை. காலைல பஸ்ஸுல வந்து எறங்கும்போது செத்துக் கெடக்கும். லைன்ல கொண்டுபோவக் கூடாது. கேட் லாக்கர்ல வச்சா சார்ஜ் ஏறாது. மத்தியானம் அந்த அரை மணிதான ஊருக்குப் பேசலாம்? அதான் அண்ணன் வாங்கி வச்சுக்கிடுவாரு." சொல்லிக்கொண்டே குரலைத் தணித்தாள். "லாக்கரத் தாண்டிப் போனு உள்ள வந்திருக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருவாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லிராதிய."

அவள் தட்டிலிருந்து ஒரு போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூப்பிட்டிருக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கி ஓடினாள். கேன்டீன் மூலையில் அவளைத் தாண்டி எழிலரசன் வந்துகொண்டிருந்தான். தங்கச்சியையும் திறந்திருந்த கதவையும் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"ஏண்ணா எங்கிட்ட சொல்லல?"

"இன்னாத்த?"

"எத்தினி வாட்டி கேட்டேன், வண்டி நிக்கசொல்ல எதனா போடுறியான்னு?"

"நீ லைட்டு போட்டியா, பாட்டு போட்டியான்னு கேட்ட. இல்லைன்னேன். இது வண்டி சாமானா? சாயந்தரம் கயட்டி டப்பால போட்டுறேன்." அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "செல்போன் தம்மாத்தூண்டு. அது இன்னா குடிச்சிடப் போவுது, ரஞ்சு?"

"ஒண்ணு தம்மாத்தூண்டு. இம்மாம் போனு?"

அவன் தட்டைப் பார்த்தான். முதல் தடவையாக எண்ணிப் பார்ப்பவன் போலப் பார்த்தான். "மொதல்ல நாலஞ்சுதான் இருந்துச்சு" என்றான். "வேணாம்னு எப்டி சொல்றது? அதுங்க ஊர்ல வயசானவங்க போனப் பாத்துக்கினு உக்காந்திருக்கும்."

அவனைத் திட்ட வேண்டுமா, தட்டிக்கொடுக்க வேண்டுமா என்று ரஞ்சனி யோசித்து முடிப்பதற்குள் சசிகலா வந்துவிட்டாள். மஞ்சள் ஹெல்மெட், கையில் வண்டிச் சாவி. ரஞ்சனி கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டாள்.

"இந்த வண்டிதானே? ஏறி செல்ஃப் எடுங்க. எனக்கு அடுத்த டாக்ல வேலை இருக்கு."

"மேடம், ஒரு கால் மணி நேரம் குடுங்க" என்றாள் ரஞ்சனி. கிளிப்பைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பேட்டரி சற்று மேலே வரும். வரலாம்.

"எதுக்கு? வண்டில என்ன ப்ராப்ளம்?"

வாய் திறந்தது. இத்தனை நாளும் யார் கேட்டாலும் பதில் தெரியாத அதே கேள்வி. இப்போது அவளுக்குத் தெரியும். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை மேடம், ஆல்டர்னேட்டர்கூடப் புதுசு மேடம், இதோ பாருங்கள் என்று துண்டை விலக்கினால் போதும். வண்டி தப்பித்துவிடும். வலைத் தொப்பிக்காரி கேன்டீன் மூலையில் திரும்பி ஓடியது கண்ணுக்குள் வந்தது.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்புறம் என்ன? எடுங்க." சசிகலா சாவியை எழிலரசனிடம் நீட்டினாள்.

அவன் உடம்பு நுழையும் அளவு மட்டும் கதவைத் திறந்து ஏறிச் சாத்திக்கொண்டான். ரஞ்சனி மறுபக்கம் போய், கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே நுழைந்து சாத்திக்கொண்டாள். துண்டுகளின் இருட்டில் குனிந்து சிவப்புக் கிளிப்பை விரித்து எடுத்தாள். சின்னப் பொறி ஒன்று பறந்தது. ரீங்காரம் நின்றது. சார்ஜ் அறுந்த அதே நொடியில், தட்டிலிருந்த அத்தனை போன்களும் ஒன்றாக விழித்துக்கொண்டன. மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. வேல் பிடித்த முருகன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய ஒரு பெரியவர். டிராக்டர் மேல் ஒரு பையன். ஆட்டுக்குட்டி. பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு தங்கைகள். இருட்டுக்குள் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

எழிலரசனின் கை சாவிக்குப் போயிற்று. பேட்டரி இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளியே சசிகலாவின் கை கதவைத் தட்டியது. முகங்கள் ஒவ்வொன்றாக மங்கி அணைந்துகொண்டிருந்தன. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்த ஒரு குழந்தை மட்டும், அணையாமல், ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.