இருபதில் முப்பத்தெட்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல. அண்ணி சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இந்த வாரம் வேலை எப்படி என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். போர்வையின் இரண்டு முனைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் பிடித்தபடி அவர் சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டரம்மாவோட ஏழு வருஷ உழைப்பை அழிக்கிற பொத்தான் மேல விரலை வச்சிருந்தேன் தம்பி."

என் பக்கத்து முனைகள் தரையில் விழுந்தன. அந்த அதிர்ச்சியை எங்காவது இறக்கிவைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"பதினான்கு சர்வர்களும் ஒரே நொடியில் மூச்சை நிறுத்தின. அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து—"

[நிறுத்திவிட்டேன். மூச்சு எங்கே இருந்தது என்றே சொல்லாமல் அது நின்றுவிட்டது என்றால் உங்களுக்கு எப்படிப் பதறும்? முதலில் அறையைக் காட்டுகிறேன்.]

2

அண்ணி ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பு. அவருடைய அறையில் கம்பிக்கதவு போட்ட ஓர் அலமாரி, அதற்குள் மூன்று சர்வர் இயந்திரங்கள். ஆனால் மருத்துவமனைக்கு வேண்டியவை பதினான்கு: ரத்த வங்கிக்கு ஒன்று, ஸ்கேன் படங்களுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, இப்படி. மூன்று உடம்பில் பதினான்கு உயிரைக் குடிவைக்கும் வித்தை இப்போது உண்டு. அப்படிக் குடியேறிய சர்வர் வெறும் கோப்புதான், இரும்பு இல்லை. அந்தக் கோப்புகளை மூன்று இயந்திரங்களுக்கும் வெளியே, கேபிள்களின் மறுமுனையில் இருக்கும் ஒரு பொதுச் சேமிப்புப் பெட்டியில் வைத்துவிட்டால், ஓர் இயந்திரம் செத்துப்போனாலும் அதிலிருந்த உயிர்கள் அடுத்ததில் கண்விழித்துக்கொள்ளும். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. (உங்களுக்குப் புல்லரிக்கவில்லை என்றால் குறை என் விளக்கத்தில்தான்.)

ஆக, எந்தப் பெட்டி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணி முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, மெதுவானது, கறார்ப் பேர்வழி. ஒரு சர்வருக்கு மூன்று டெராபைட் இடம் என்றால் அன்றைக்கே மூன்றையும் ஒதுக்கி வேலி போட்டுவிடும். இன்னொன்று சிறியது, வேகமானது, வாக்குக் கொடுப்பதில் தாராளம். அடுக்குமாடிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிடமும் "உங்களுக்கு ஆயிரம் லிட்டர்" என்று சொல்லியிருப்பார்கள். தொட்டியில் அதில் பாதிதான் இருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கமாட்டார்கள் என்ற தைரியம். இந்தப் பெட்டியின் கொள்ளளவு இருபது டெராபைட். பதினான்கு சர்வர்களுக்கும் சேர்த்து அது கொடுத்த வாக்கு முப்பத்தெட்டு.

அண்ணி சிறியதைத் தேர்ந்தெடுத்தார். பெரியதில் ஒரு ஸ்கேன் படம் திறக்க நாற்பது நொடி ஆகும், இதில் மூன்று. பெட்டி வந்த அன்றே, ஒன்று போனால் இன்னொன்று தாங்குகிறதா என்று ஒவ்வொரு கேபிளாகத் தன் கையாலேயே உருவிப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

3

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். பெட்டி விற்றவரைப் போட்டேன். எந்நேரமும் சிரித்த முகம் என்பதால் மருத்துவமனையில் அவருக்குப் பல்லழகர் என்று பெயர். ஒன்றரைப் பக்கம் அவரைக் கரித்துக்கொட்டி அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"பாவம், அந்த மனுஷனை ஏன் இழுக்குறீங்க? எழுபது சதவீதத்தைத் தாண்ட விட்டுடாதீங்கன்னு காலைப் பிடிக்காத குறையாச் சொல்லிட்டுப் போனாரு. ரொப்பினது நான்தான்."

எப்படி என்று கேட்டேன். சொன்னபோது எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப்போட்டது. தப்பு நடந்தது அஜாக்கிரதையால் இல்லை.

சர்வர்களைப் புதுப் பெட்டிக்கு மாற்றிய கையோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறார். அது படம் இல்லை. அந்த நொடியில் சர்வர் எப்படி இருந்ததோ அப்படியே உறையவைத்துவிடுவது. அதற்குப் பிறகு நடக்கும் மாற்றமெல்லாம் பக்கத்தில் தனிக் கோப்பில் ஏறும். ஏதாவது கோளாறு என்றால் உறைந்த நொடிக்கே திரும்பிவிடலாம். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மாற்றங்களை மூலத்தோடு சேர்த்துவிட வேண்டும். அண்ணிக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் போகட்டும், இந்த மாதக் கடைசி வரை இருக்கட்டும் என்று பதினோரு வாரம் ஓடிவிட்டது. பக்கத்துக் கோப்புகள் பதினான்கும் சத்தமில்லாமல் ஊதிக்கொண்டே இருந்தன.*

[என் மேசையைப் பார்த்தேன். இந்தக் கதைக்கு மட்டும் ஆறு வரைவுகள். அண்ணியைக் குறை சொல்லும் வாக்கியம் ஒன்றை ஆரம்பித்து, அப்படியே]

* பெட்டி எச்சரிக்கவே இல்லையா? எச்சரித்தது. மூன்று மின்னஞ்சல்கள். பெட்டியைப் பொருத்திய ஊழியர் அன்று சோதனைக்காகத் தன் முகவரியைப் போட்டிருந்தார். அதை யாரும் மாற்றவில்லை. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம்.

4

செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபது. இருபதும் நிரம்பியது. எழுத இடமில்லாத சர்வர் தடுமாறாது, அப்படியே நின்றுவிடும். பதினான்கும் நின்றன. ரத்த வங்கிப் பெண் படியேறி ஓடிவந்தார். மருந்தகத்தில் கையால் எழுத ஆரம்பித்தார்கள். மேல்மாடி அறுவை அரங்கில், ஒரு தையல்காரரின் தலையில் இருந்த கட்டியை எடுத்துக்கொண்டிருந்த மருத்துவரின் திரை, அடுத்த படத்துக்குப் போகாமல் வெள்ளையாக நின்றது.

அந்த மருத்துவரே தொலைபேசியில் வந்தார். கத்தவில்லை. "கட்டிக்குப் பின்னாடி ரத்தக்குழாய் எந்தப் பக்கம் வளையுதுன்னு நான் பாத்தாகணும். இருபது நிமிஷம் நிறுத்தி வைக்கலாம். அதுக்கு மேல குத்துமதிப்புதான். லைன்லயே இருக்கேன்."

அண்ணி ஒவ்வொரு வழியாகத் தட்டிப் பார்த்தார். மாற்றங்களை மூலத்தோடு சேர்த்தால் இடம் கிடைக்கும். ஆனால் பதினோரு வார மாற்றங்கள், சேர்ந்து முடிய ஐந்து மணி நேரம். உறைந்த நொடிக்குத் திரும்பினால் பதினோரு வார நோயாளிப் பதிவுகள் போய்விடும்; மாற்றம் குறைவான சர்வரைத் திருப்பினால் கிடைக்கும் இடம் போதாது. பல்லழகரை அழைத்தார். கூடுதல் டிஸ்குகளோடு கிளம்பிவிட்டார், வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். உடனடி வழி ஒன்றுதான் இருந்தது. ஒரு முழு சர்வரை அழித்துவிட்டால் அடுத்த நொடியே இரண்டு டெராபைட் காலி, மற்ற பதின்மூன்றும் எழுந்துவிடும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் யாரும் சாகமாட்டார்கள் என்று சொல்லக்கூடிய சர்வர் பதினான்கில் ஒன்றே ஒன்று: குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் காது எப்படி வளர்கிறது என்று குழந்தை மருத்துவர் ஏழு வருடமாகப் பதிந்துவந்தது. ஆயிரத்து நூறு குழந்தைகள்.

அந்த டாக்டரம்மா அந்நேரம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கணினி நின்றுபோனதைச் சொல்ல வந்தவர், திரையில் தன் சர்வரின் பெயரும், அதன்கீழே "அழிக்கவா? அழித்தால் மீட்க முடியாது" என்ற வரியும் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

அண்ணி நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, ஸ்னாப்ஷாட் உட்பட.

"பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு. வேற கட்டடத்துல, தினமும் போகுது."

"அப்புறம் என்ன?"

"அதுலேருந்து எடுத்து ஒரு தடவைகூடத் திறந்து பாத்ததில்ல டாக்டர்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்:

"என்கிட்ட அனுமதி கேக்காதீங்க. கேட்டா வேணாம்னு சொல்லிடுவேன். மேல படுத்திருக்கிறவரை நான் பாத்ததில்ல. இந்தக் குழந்தைங்க ஒவ்வொண்ணையும் தூக்கியிருக்கேன்."

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

5

அழுத்தினீர்களா என்று அண்ணியிடம் கேட்டேன். மூன்று முறை கேட்டேன்.

"சொல்லமாட்டேன். சொன்னா, அப்புறம் என்ன ஆச்சுங்கறதை வச்சு நான் செஞ்சது சரியா தப்பான்னு சொல்லிடுவீங்க. அந்த நேரத்துல எனக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் வச்சுக்கிட்டு எழுதுங்க, பாப்போம்."

எழுதினேன். முதல் முடிவில் அண்ணி அழுத்தினார், காப்புப் பிரதி திறந்தது, ஆயிரத்து நூறு குழந்தைகளும் திரும்பி வந்தார்கள். படிக்க இதமாக இருந்தது. அந்த இதமே எனக்கு உறுத்தியது: பிரதி திறந்ததால் அண்ணி கெட்டிக்காரராகிவிட்டார். இரண்டாம் முடிவில் பிரதி திறக்கவில்லை. அதே அண்ணி, அதே விரல், இப்போது பாவி. மூன்றாவதில் அழுத்தாமல் காத்திருந்தார், மருத்துவர் குத்துமதிப்பாக வெட்டினார், தையல்காரர்

[இந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்துவிட்டேன். முடிக்காமலே இருக்கட்டும்.]

மூன்றையும் கிழித்துவிட்டு, பதினொன்று முப்பத்தாறுக்கே திரும்பிப் போகிறேன். அதற்கப்பால் எனக்கு எதுவும் தெரியாது. உங்களையும் அங்கேதான் விடப்போகிறேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பெட்டியின் கொள்ளளவு உங்களுக்குத் தெரியும், அது எப்படி நிரம்பியது என்றும் தெரியும். யார்மீது பழி என்ற கேள்வி நாளைக்குப் போதும். காப்புப் பிரதி இருக்கிறது. திறக்குமா என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. டாக்டரம்மா இன்னும் திரும்பவில்லை. தொலைபேசியில் மூச்சுச் சத்தம் கேட்கிறது.

"நாலு நிமிஷம் இருக்கு," என்கிறது அந்தக் குரல்.