மேலே ஏறாத படங்கள்

கடைக்காரர் என் மனைவியின் போனைத் திருப்பித் தரும்போது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயை மடித்து ஒட்டியும் கொடுத்தார். "போர்டு போயிடுச்சுங்க. சோப்புத் தண்ணில அரை மணி நேரம் ஊறியிருக்கு. இனிமே இத நோண்டாதீங்க," என்றார். அதோடு விட்டிருக்கலாம். "போட்டோ எல்லாம் மேல ஏத்தி வச்சிருப்பீங்கல்ல, அப்புறம் என்ன," என்று ஆறுதலும் சொன்னார். "ஏறியிருக்கும்," என்றேன். உறையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனியில் படம் இல்லாவிட்டால் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். கதவுப் பூட்டை மாற்றினால் மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. பிரேக்கைக் கழற்றினால் ஒன்று, தேய்மானத்தை அளந்தால் ஒன்று, மோட்டார் ஓடும் சத்தத்துக்குத் தனியாக ஒரு வீடியோ. சூப்பர்வைசர் எந்தக் காலத்துப் படத்தை எப்போது கேட்பார் என்று அவருக்கே தெரியாது. கேட்கும்போது இல்லையென்றால் மானத்தை வாங்கிவிடுவார். அதனால் நான் எதையும் அழிப்பதில்லை. போனே தொலைந்தாலும் படம் தொலையக் கூடாது என்று எல்லாம் தானாக கிளவுடில் போய்ச் சேரும்படி வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் அவள் போனிலும் அதே கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். ஒரே பாஸ்வேர்டு, ஒரே இடம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பீரோ மாதிரி என்று விளக்கம் வேறு. பீரோ முழுக்க என் இரும்புச் சாமான்களாகவே நிரம்பும் என்று அப்போது தோன்றவில்லை.

பொடிசு பிறந்த பதினைந்தாம் நாள் என்னை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். புதிதாகக் கட்டிய இரண்டு கோபுரங்கள், பதினாறு லிஃப்ட். நான்கு மாதம் என்று சொன்னது பதினொன்று ஆனது. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. அறைக்கு வந்து கூப்பிட்டால் குழந்தை தூங்கியிருக்கும். அத்தனை மாதத்துக்கும் சேர்த்து அவள் பத்துப் பதினைந்து படங்கள் அனுப்பியிருப்பாள், அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்டால், "இப்பவே எல்லாத்தையும் பாத்துட்டா வந்து என்ன பண்ணுவீங்க? மாசம் மாசமா பிரிச்சு வச்சிருக்கேன். ஒண்ணா உக்காந்து பாக்கலாம்," என்பாள். பத்துப் படம் எடுத்தால் ஒன்பதைக் கழித்து ஒன்றை வைப்பாளாம். என்னைப் போல் வேண்டியது வேண்டாததை எல்லாம் வாரிக் குவிக்கிறவள் இல்லை அவள்.

புதன்கிழமை வந்து சேர்ந்தேன். அன்று முழுக்கத் தூக்கம். வியாழன் ஆபீஸில் கணக்கு ஒப்படைப்பு. வெள்ளி உடம்பு வலி. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். சனிக்கிழமை காலை படுக்கை விரிப்போடு சேர்ந்து போன் சோப்பு வாளிக்குள் போனது.

ஞாயிறு மதியம் கடையிலிருந்து திரும்பியவன் வீட்டுக்குள் போகவில்லை. இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து என் போனில் அந்தக் கணக்கைத் திறந்தேன். மோட்டார். கயிறு. கதவுப் பூட்டு. கதவுப் பூட்டின் இன்னொரு பக்கம். கட்டைவிரல் வலிக்கும்வரை தள்ளினேன். கடைசியாக ஏறியிருந்தது பொடிசின் பதினெட்டாம் நாள் படம், துணிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கை. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மேலே சிவப்பு எழுத்தில் இடம் நிரம்பிவிட்டது, சேமிப்பு நிறுத்தப்பட்டுள்ளது என்று இருந்தது.

அந்த எழுத்து எனக்குப் புதிதல்ல. தினமும் வரும், கிரீஸ் விரலால் தள்ளிவிடுவேன். என் படங்கள்தான் என் போனிலேயே இருந்தனவே. ஆனால் அவளுக்கும் அது வந்திருக்கிறது. ஒரு நாள் போனில் கேட்டாள், "ஏதோ இடம் இல்லன்னு தெனமும் வருதுங்க, என்னன்னு பாருங்களேன்." நான் ஒரு கையில் ஸ்பானரோடு லிஃப்ட் கூரைமேல் நின்றுகொண்டிருந்தேன். "அது காசு புடுங்குற விளம்பரம். தள்ளி விட்டுடு. எல்லாம் தானா மேல ஏறிடும், நீ பாட்டுக்கு எடு," என்றேன். அவளும் அப்படியே செய்திருக்கிறாள். மெக்கானிக் பெண்டாட்டி, மெக்கானிக் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

கணக்கிலிருந்து வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். அழித்த படங்கள் போய் விழும் குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்தேன், காலி. படி இறங்கித் தெருவுக்குப் போனேன், அங்கே சிக்னல் நன்றாக இருக்கும் என்று. திரும்ப ஏறினேன். பிறகு என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். லிஃப்ட் படங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். இடம் காலியானால் பொடிசின் படங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதுபோல. இருநூறு படம் அழித்திருப்பேன். யாருமே வரவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பொடிசு பக்கத்தில் ஒரு சாக்ஸைக் கடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது. புதன்கிழமையிலிருந்து இப்படித்தான். நான் தூக்கினால் வீடே இடிந்துவிடும் போல அழுகிறது.

"என்ன சொன்னாரு?"

"போன் போச்சாம்."

"போனா போகட்டும். போட்டோ மேல இருக்கும்ல?"

படிக்கட்டில் இருந்தபோதே ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். கிளவுடு கம்பெனிக்காரன் கோளாறு, ஊரில் பல பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது என்று. நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவளே, "தெனமும் வந்துச்சே, இடம் இல்லன்னு. அதுதானா?" என்று கேட்டாள்.

"அதுதான்," என்றேன். "என் லிஃப்ட் போட்டோ மொத்த இடத்தையும் அடச்சிருச்சு. பதினெட்டாம் நாளுக்கு அப்புறம் உன்னுது ஒண்ணுகூட ஏறல. நான்தான் விளம்பரம்னு சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"எத்தன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆயிரத்துக்கு மேல. கழிச்சது போக." சட்டையின் கையை உள்ளே மடித்துவிட்டு, "எனக்கு எதுக்குங்க போட்டோ? நான் கூடவே இருந்தேன். குப்புற விழுந்தது, பல்லு வந்தது, எல்லாத்தையும் நேர்ல பாத்துட்டேன். உங்களுக்குத்தான் எடுத்தேன்," என்றாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். மறுபடி திறந்தேன். மொத்தமாகத் தொலைத்தது நான்தான், தொலைந்ததும் எனக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. "மொதல்ல எப்படி உக்காந்துச்சு? சொல்லேன்," என்றேன்.

"ஆறாம் மாசம்..." என்று ஆரம்பித்தாள். "தலகாணிய முட்டுக் குடுத்து... இல்ல, அது அதுக்கு முன்னாடி." மடித்த சட்டையையே மறுபடி பிரித்தாள். "சொல்ல வரலங்க. படத்த வச்சுக்கிட்டு சொல்லலாம்னு இருந்தேன்." அப்போதுதான் அவள் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் படங்கள். இனி இவை எதற்கு என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சூப்பர்வைசர் கேட்டால் கேட்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது.

அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பொடிசு தவழ்ந்து வந்தது. என்னிடம் இல்லை, போனிடம். என் முழங்காலில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் திரையை அடித்தது. நான் சட்டென்று ரத்து செய்துவிட்டு, கைக்கு வந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். எண்ணெய் வழிந்த ஒரு பழைய மோட்டார். அதைத் தொட்டு, தெளிவாக, "ப்பா," என்றது.

"என்னது?" என்றேன்.

"அப்பாவாம்." அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீங்கதான் உங்க மூஞ்சிய ஒரு போட்டோகூட எடுத்துக்க மாட்டீங்களே. உங்க படம் எல்லாம் என் போன்லயும் தெரியும்ல. அப்பா எங்கன்னு கேட்டுக் கேட்டு இதத்தான் காட்டுவேன். சோறு ஊட்டும்போது தெனமும்."

பொடிசுக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் விழவில்லை. விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளியது. கதவுப் பூட்டு. "ப்பா." துருப்பிடித்த இரும்புக் கயிறு. "ப்பா." தேய்ந்த பிரேக் கட்டை. "ப்பா." ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி, ஒரு சிரிப்பு. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. மூச்சு விட்டால் என் முழங்காலில் இருக்கும் கையை எடுத்துவிடுமோ என்று.

அடுத்தது மேல் தளத்திலிருந்து லிஃப்ட் குழிக்குள் பார்த்து எடுத்த படம். கீழே வரைக்கும் இருட்டு.  பொடிசு இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு, மூக்கு திரையில் படுமளவுக்குக் குனிந்து, அந்தக் குழிக்குள் அப்பாவைத் தேட ஆரம்பித்தது.