அளவில்லாப் பேச்சு

கேக் கடையில் அவளை எல்லோரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்கின் மேல் பெயரும் வாழ்த்தும் எழுதுவது அவள் வேலை. கிரீம் நிரப்பிய கூம்பைப் பிடித்தால் கை மயிரிழை பிசகாது. பிறவியிலேயே காது கேளாதவள். அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "இந்த மாவு பிசையற மெஷின் சத்தத்துல தலைவலி வராத ஒரே ஆள் நான்தான்" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அவள் கணவனுக்கும் காது கேளாது. அவன் வெல்டர். பேருந்தில் ஏழு மணி நேரம் போனால் வரும் துறைமுகத்தில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பத்து மாத ஒப்பந்தம். கைகளால் பேச ஆரம்பித்தால் கதைக்குள் கதையாகப் போய்க்கொண்டே இருப்பவன். எழுத்துதான் அவனுக்கு வேப்பங்காய். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் அனுப்பும் குறுஞ்செய்தி கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி இருக்கும். அதனால் தினமும் மாலை ஆறரைக்கு வீடியோவில் பேசுவார்கள். அவள் போனை அடுப்படி அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவே சாய்த்து வைப்பாள். அவன் விடுதிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். வெங்காயம் நறுக்கும்போது அவளுக்கு இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். அப்போது புருவத்தை ஏற்றி இறக்கியே 'ம்' கொட்டுவாள்.

அவள் போனில் இருந்தது, இதற்காகவே அவள் தங்கை தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்த திட்டம். போன் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு 'அளவில்லாப் பேச்சு, அளவில்லா டேட்டா' என்று போட்டிருந்தது. முதல் மாதமும் இரண்டாம் மாதமும் கடைசி வாரத்தில் படம் மங்கியது. கூடுதல் டேட்டா பேக் போடச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. சின்னத் தொகைதானே என்று இரண்டு தடவையும் போட்டாள்.

மூன்றாம் மாதம் இருபதாம் தேதியே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கணவன் ஏதோ பதறிச் சொல்லிக்கொண்டிருந்தான். 'மெஷின்' என்றான். 'விரல்' என்றான். அதற்கு அடுத்த சைகை வருவதற்குள் அவன் இரண்டு கைகளும் சாம்பல் நிறக் கட்டங்களாகிவிட்டன. முகம் மட்டும், வாய் கோணியபடி, அப்படியே நின்றது. பிறகு இணைப்பே போய்விட்டது.

அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. 'யார் விரல்?' என்று செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. அவன் பிழைப்பே கையில் இருந்தது. பேச்சும் அதே கையில்தான். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் கதவருகிலேயே நின்றாள். எட்டே முக்காலுக்குத்தான் செய்தி வந்தது.

'பெரியவர் விரல் ஆஸ்பத்திரி. நான் இல்லை. கூட போய் போன் ரூம் மறந்து.'

அதைப் படித்த பிறகுதான் வெறும் தரையில் உட்கார்ந்தாள். அவனோடு வேலை செய்யும் வயதானவருக்குத்தான் அடி. நல்லவேளை, எலும்பு முறிந்ததோடு போயிற்று.

மறுநாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போன் கடைக்குப் போனாள். தங்கைக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்றவள் அவள்.

கடையில் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் இருந்தார். தன்மையான மனிதர். கணினியைப் பார்த்துச் சொன்னார்.

"இவங்க அறுபது ஜிபி தாண்டிட்டாங்க. அதுக்கு மேல டேட்டா நிக்காது, வேகம் மட்டும் குறையும். அளவில்லாததுதான்மா, ஆனா மெதுவா வரும்."

"சாப்பாடு அளவில்லாம உண்டு, ஆனா பருக்கை பருக்கையாத்தான் போடுவோம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் தங்கை.

அவர் சிரிக்காமல் விளம்பரத்தின் அடியைக் காட்டினார். நட்சத்திரக்குறி போட்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி இருந்தது.

எழுத்தக்கா அதைப் பொறுமையாகப் படித்தாள். பிறகு திரையில் இன்னொரு வரியைத் தொட்டுக் காட்டினாள். குரல் அழைப்பு: அளவில்லை. பயன்படுத்தியது: பூஜ்யம்.

"இத எனக்குக் குடுத்து என்ன பண்ண? என் பேச்சு கையிலதான் இருக்கு. இந்தக் குரல் அழைப்ப எடுத்துக்கிட்டு அதுக்குப் பதிலா டேட்டா குடுங்கன்னு சொல்லு" என்றாள் கையால்.

தங்கை சொன்னாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நியாயம்தான். ஆனா எங்களால பேக் போட மட்டும்தான் முடியும். திட்டத்துல கை வைக்கணும்னா தலைமை அலுவலகத்துல பேசணும்."

அவரே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டுக் கொடுத்தார். இருபது நிமிடம் இசை. பிறகு ஒரு பெண் வந்தாள். தங்கை எல்லாவற்றையும் சொன்னாள்.

"கணக்கு அவங்க பேர்ல இருக்கு மேடம். அவங்களே பேசி உறுதி பண்ணணும்."

"அவங்களுக்குக் காது கேக்காது. அதுக்காகத்தான் கூப்பிட்டிருக்கேன்."

"புரியுது மேடம். பேரும் பிறந்த தேதியும் அவங்க சொன்னா போதும்."

"எப்படிங்க சொல்வாங்க?"

"விதி அப்படி, மேடம். அவங்க குரல்ல வரணும்."

கடையில் காத்திருந்த ஏழெட்டுப் பேரும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். தங்கை முகம் சிவந்தது. எழுத்தக்கா அவள் தோளைத் தட்டி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். தங்கை சொன்னதும் ஒரு கணம் யோசித்தாள்.

சின்ன வயதில் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பெயர், வயது, தேதி எல்லாம் வாயால் சொல்லப் பழகியிருந்தாள். பன்னிரண்டு வயதில் ஒரு கடையில் பென்சில் கேட்டபோது பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றோடு வாயை மூடியவள் பிறகு எங்கும், வீட்டில்கூட, திறந்ததில்லை.

போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். தொண்டையில் இரண்டு விரலை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டே தன் பெயரைச் சொன்னாள். பிறகு தேதி, மாதம், வருடம். வருடத்தில் ஒரு இடம் தடுக்கியது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவசரப்படவில்லை. யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சு மேடம்" என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கியிருந்தது. "மன்னிச்சுக்கோங்க. மேலதிகாரிகிட்ட இணைக்கிறேன். லைனை வெச்சுடாதீங்க."

மேலதிகாரி வந்தார். கணவனின் பத்து மாத ஒப்பந்தம் முடிகிற வரை வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவதாகவும், முன்பு கட்டிய கூடுதல் பேக் தொகையைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். இது தனிப்பட்ட சலுகைதான், மற்றவர்களுக்குப் பொருந்தாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

தங்கை அதைக் கையால் சொன்னதும் எழுத்தக்கா பதிலுக்குக் கை அசைத்தாள்.

"அக்கா கேக்கறாங்க, மத்த காது கேக்காதவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா இங்க வந்து பேர் சொல்லணுமான்னு."

"கோரிக்கையாப் பதிவு பண்றேன் மேடம்."

"பதிவு நம்பர் குடுங்க."

கொடுத்தார். தங்கை விரலால் காட்டக் காட்ட, எழுத்தக்கா அதைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் அவர்களுடைய காது கேளாதோர் சங்கத்திலிருந்து முப்பத்திரண்டு பேர் அதே எண்ணைக் குறிப்பிட்டு எழுதினார்கள். பேச்சுக்குப் பதில் டேட்டா தரும் திட்டம் ஆலோசனையில் இருக்கிறது என்று மட்டும் இதுவரை பதில் வந்திருக்கிறது. விட்டேனா பார் என்று அவளும் மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

போன் கடைக்குப் போய் வந்த அன்று மாலை தங்கை அக்கா வீட்டிலேயே சாப்பிட்டாள். திரையில் கணவன் தெளிவாகத் தெரிந்தான். நடந்ததைச் சொன்னதும் அவன் திரைக்குக் கிட்டே நகர்ந்து வந்தான்.

"வாயாலயா சொன்ன?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? இவளத்தான் கேக்கணும்."

இருவரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கரகரன்னு இருந்துச்சு. நம்ம அம்மா குரல். அம்மா மாடிலேருந்து சாப்பிடக் கூப்பிடுவாங்கல்ல, அசல் அதே தொண்டை. கடையில எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"உங்க அம்மா என்னைத் திட்டினதெல்லாம் அந்தக் குரல்லதானா? நான் தப்பிச்சேன்" என்றான் கணவன்.

எழுத்தக்கா சிரிக்கவில்லை. அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மாவின் கண், மூக்கு, நடை எல்லாம் தங்கைக்குத்தான் வந்தது என்று ஊரே சொல்லும். தனக்கும் ஒன்று வந்திருக்கிறது என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவள் நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா எப்படிக் கூப்பிடுவாங்க? என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க? எல்லாத்தையும் சொல்லு."