ராஜகோபாலன் குளம்

தாம்பரம் இரும்புலியூரில் தீபலட்சுமியின் வீட்டுக் கிணறு வற்றிக்கொண்டே போனது. பக்கத்தில் லோகநாதன் கிராவல் தோண்டும் பள்ளம்தான் காரணம் என்று, பள்ளியில் இயற்பியல் நடத்தும் அவளுக்குத் தெரியும். மண்ணுக்கடியில் கிராவலில் ஊறி நிற்கும் நீர் ஆளுக்கொரு பங்காகப் பிரிந்து நிற்பதில்லை. தாம்பாளத்தில் ஊற்றிய பாயசம் மாதிரி, ஓர் ஓரத்தில் அள்ளினால் எல்லா ஓரமும் இறங்கும். பள்ளத்தின் அடி காய்ந்திருந்தால்தான் மேலும் தோண்டலாம் என்பதால் லோகநாதனின் மோட்டார் அள்ளிக்கொண்டே இருந்தது.

அந்த நீரில் ஒரு லாரியைத் தினமும் அவள் குடியிருந்த காலனிக்கு இனாமாக அனுப்பினார் அவர். நலச்சங்கத் தலைவர் ராஜகோபாலன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், வள்ளலுக்குப் பொன்னாடை போர்த்தினார். பாலைத் திருடியவன் ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் காலில் விழுகிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டாள் தீபலட்சுமி. கைதட்ட அவளுக்குக் கை எழவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பூஜை போட்டதை உடனே ஓட்டக்கூடாது என்று வாரக் கடைசிவரை ஓய்வு. ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் காலனிக் கிணறுகளில் நீர் ஏறியது. தாம் செய்த வருண ஜபத்தின் பலன் என்று வீடு வீடாகச் சொன்னார் ராஜகோபாலன். மோட்டார் மறுபடி ஓடி நீர் இறங்கியதும், யாரோ ஆசாரம் தவறிவிட்டார்கள் என்றார். தீபலட்சுமி மோட்டாரைக் காட்டி விளக்கினாள். பிசிக்ஸ் வேறு, பக்தி வேறு என்று அவர் புன்னகைத்தார்.

கிராவல் தீர்ந்ததும் லோகநாதன் பள்ளத்தை மூட வந்தார். கொட்ட இடம் கொடுத்தால் காசு கிடைக்கும் இடித்த கட்டடக் குப்பையும் களிமண்ணும் கொட்டி, மேலே ராஜகோபாலன் பெயரில் ஒரு பூங்கா அமைத்துத் தருவதாகச் சொன்னார். சங்கக் கூட்டம் கைதட்டியது. களிமண் நீரை விடாது. கிராவலின் வாயை அதனால் அடைத்துவிட்டால் மழை அங்கே இறங்கித் தன் கிணற்றுக்கு வர வழியிருக்காது என்று தீபலட்சுமி பதறினாள்.

விளக்க வாயெடுத்தவளிடம் லோகநாதன் மெல்லச் சொன்னார். "டீச்சர், உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதுங்களுக்கு இன்னா தெரியும்? பொன்னாடை போத்துனா குனியும், அவ்ளோதான்."

அது அவளுக்கு உறைத்தது. எழுந்து நின்று ராஜகோபாலன் பக்கம் திரும்பினாள்.

"சார், பார்க்குக்கு என்ன, தெருவுக்குத் தெரு இருக்கு. தாம்பரத்துல தன் பேர்ல குளம் யாருக்கு இருக்கு? அதெல்லாம் ராஜாக்கள் செஞ்ச வேலை."

ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோகநாதன் கொசு வரும் என்று பயமுறுத்திப் பார்த்தார்.

"ராஜாக்கள்," என்று தலைவர் தமக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளம் மூடப்படவில்லை. கரையைச் சரித்து வெட்டிக் கல் பதித்தார்கள். இறைக்க மோட்டார் இல்லாததால் சுற்றுப்புற நீர் தன் மட்டத்துக்குத் தானே ஏறியது. மழை மேலும் ஏற்றியது. தீபலட்சுமியின் கிணற்றில் வாளி முழுதாக முங்கியது.

குளக்கரைப் பலகையில் வருண ஜபத்தின் மகிமையை எழுதியிருந்தார்கள். திறப்பு விழாவில் பொன்னாடையை அவளே வாங்கி வந்து பிரித்தாள்.

ராஜகோபாலன் குனிந்தார்.