மி.மி.அ.

எட்டாம் வகுப்புக் கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆசிரியர்களுக்குச் சொந்தம். அந்தப் பக்கம், ஒரு முழ அகலம், தனுஷாவுக்குச் சொந்தம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயர்கள் அங்கே ஏறும். ஒரு முறை பேசினால் வெறும் பெயர். பெயர் ஏறிய பிறகும் பேசினால் பக்கத்தில் 'அ.' என்று விழும். அடங்கல என்று பொருள். இன்னும் பேசினால் 'மி.அ.', மிக அடங்கல. அதையும் தாண்டினால் 'மி.மி.அ.' அதற்கு மேல் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டு வருடமாக தனுஷாதான் லீடர். வகுப்பில் அவளையும் சேர்த்து இருபத்து நான்கு பேர். மற்ற இருபத்து மூன்று பேரில் அவள் எழுதாத பெயர் ஒன்றுகூடக் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தூங்கும் இருசப்பனைக்கூட ஒரு தரம் எழுதியிருக்கிறாள், குறட்டைக்காக. பிரின்சி விஷயம் வேறு. அவள் பெயர் ஏறாத நாளே இல்லை. அந்தப் பெயரை மட்டும் பெயின்ட்டில் எழுதிவிட்டால் பள்ளிக்கு சாக்பீஸ் மிச்சமாகும் என்று தலைமை ஆசிரியர் தீனதயாளனே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

அந்தப் பள்ளி கச்சிராயபாளையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு ஜன்னலில் பார்த்தால் முதலில் கரும்பு, அப்புறம் கல்வராயன் மலை. காலையில் மலை நீலமாக இருக்கும். மதியம் அது பச்சையாக மாறும்போது கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். தனுஷா அந்த நிறம் மாறும் நிமிடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று பல நாள் முயன்று, ஒவ்வொரு முறையும் யாராவது பேசியதால் தவறவிட்டிருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்தார். கையெழுத்து நன்றாக இருப்பதால் பதிவேட்டில் நகல் எடுப்பது அவள் வேலை. நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கான தலைமைப் பண்பு வளர்ப்பு முகாம் என்று தலைப்பு. இடம் மலைமேல் கரியாலூர். மூன்று நாள். பள்ளிக்கு ஒருவர், அதுவும் எட்டாம் வகுப்பிலிருந்து. குழு விளையாட்டு, மலையேற்றம், கூடாரத்தில் தங்குதல்.

கூடாரம் என்ற சொல்லில் தனுஷாவின் பேனா நின்றது. அவள் இதுவரை ஒரு கூடாரத்தையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் தலைக்குள் அது எப்போதோ எழுப்பப்பட்டிருந்தது. முக்கோணமாகச் சாய்ந்த துணிச் சுவர், காற்றில் புடைக்கும் கூரை, வெளியே பெயர் தெரியாத பறவை. மழை பெய்தால் துணியில் எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. அதைப் போய்க் கேட்டே ஆக வேண்டும். லீடரை அனுப்பாமல் வேறு யாரை அனுப்பப் போகிறார்கள் என்று சந்தோஷமாக அடுத்த வரிக்குப் போனாள். முகாமுக்குச் செல்லும் மாணவரை மாணவர்களே வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருந்தது.

அந்த வரியின் எழுத்து மட்டும் இன்றும் பதிவேட்டில் கோணலாக இருக்கிறது.

பசங்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், அதுவரை அவள் வாய் திறக்கக் கூடாதென்றும் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். தனுஷா வாய் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக அன்று மதியம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெயர்களையெல்லாம் அழித்தாள். அதன்பின் நான்கு நாள் ஒரு பெயரும் எழுதவில்லை. பிரின்சிக்குக் கணக்கு வீட்டுப்பாடத்தைக் காட்டினாள். பிரவீன்குமாருக்கு உப்பு மிளகாய்த்தூளோடு இரண்டு நெல்லிக்காய் கொடுத்தாள். இருசப்பன் தூங்கும்போது மேலே விழுந்த வெயிலுக்கு ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

முதல் நாள் வகுப்பு ஆச்சரியப்பட்டது. இரண்டாம் நாள் சந்தேகப்பட்டது. மூன்றாம் நாள் பிரவீன்குமார் நெல்லிக்காயை மென்றுகொண்டே உண்மையைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் அறிவித்தான். அவள் போர்டில் எழுதவில்லை என்றால் எழுதவே இல்லை என்று அர்த்தமா? நோட்டில் எழுதுகிறாள். அவனே பார்த்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் முக்கோணம் முக்கோணமாகப் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு முக்கோணம் ஒரு ஆள். தப்பு பெரிதென்றால் முக்கோணமும் பெரிது.

"எந்நேரமும் வரைஞ்சிகினே கீறாடா. உன்னுதுதான்டி பிரின்சி, பக்கம் பூரா ஒரே முக்கோணம்" என்றான்.

பிரின்சி அதிர்ந்துபோனாள். அன்று மாலைவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் யாருக்கும் அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் கூட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சி போய்விட்டார். போன இடத்தில்தான் அவருக்கு முகாம் நினைவு வந்தது. பெயர் அனுப்ப அன்று பன்னிரண்டு மணிதான் கடைசி. உடனே சுபஸ்ரீ மிஸ்ஸுக்கு போன் செய்து வாக்கெடுப்பை நடத்தச் சொன்னார்.

சுபஸ்ரீ மிஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். அங்கே பேசினால் போர்டில் பெயர் ஏறாது. டைரியில் சிவப்பு மையில் குறிப்பு எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆகையால் பெயர் எழுதுவது என்பதற்கு இந்த வகுப்பில் ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது அவருக்குத் தெரியாது.

எச்.எம். சார் எல்லாம் சொல்லியிருப்பார் இல்லையா என்று கேட்டார். வகுப்பு ஆமாம் மிஸ் என்றது. எதைக் கேட்டாலும் அந்த வகுப்பு ஆமாம் மிஸ் என்றுதான் சொல்லும்.

"ஆளுக்கு ஒரே ஒரு பேர் எழுதிக் குடுங்க. யார் எழுதுனதுன்னு வெளிய தெரியாது. யார் பேர் ஜாஸ்தி வருதோ அவங்க மூணு நாள் கிளாசுக்கு வர வேணாம். அப்பா அம்மா வந்து கையெழுத்து போடணும். பேரை இப்பவே ஆபீசுக்கு அனுப்பணும்."

மூன்று நாள். அப்பா அம்மா. கையெழுத்து. இத்தனை பெரிய தண்டனை கையில் கிடைக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு வருடமாகத் தங்கள் பெயர் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று பேர், முதல் முறையாக எழுதும் பக்கத்துக்கு வந்திருந்தார்கள். காகிதம் கிழிக்கும் சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது.

தனுஷா தன் சீட்டில் தன் பெயரை அடக்கமான எழுத்தில் எழுதி மடித்தாள். நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் யோசிக்காமல் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு அவளையே பார்க்கிறார்கள். பிரின்சி சிரிக்கக்கூடச் செய்தாள். நெல்லிக்காய்க்கு இவ்வளவு பலமா என்று தனுஷா நினைத்துக்கொண்டாள்.

மிஸ் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். தனுஷா. தனுஷா. தனுஷா. நடுவில் ஒரே ஒரு சீட்டில் 'நான் பேசவே இல்லை மிஸ்' என்று இருந்தது; அதைச் செல்லாது என்று தனியே வைத்தார். மீதி இருபத்து மூன்றும் தனுஷா.

"இவ்ளோ ஒத்துமையான கிளாசை நான் பாத்ததே இல்ல. வெறும் பேர் எழுதாம, ஒருத்தரத் தவிர எல்லாரும் பக்கத்துல மி.மி.அ.ன்னு வேற போட்டிருக்கீங்க. மிக மிக அருமை. ஒருத்தர் மூணு மி போட்டிருக்கீங்க."

அதோடு விடாமல், கரியாலூரைப் பற்றியும் கூடாரத்தைப் பற்றியும் மலையேற்றத்தைப் பற்றியும், பள்ளிக்கே வண்டி வந்து அழைத்துப் போவதைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்ல இருபத்து மூன்று வாய்களும் மெல்லத் திறந்தன. தண்டனை என்று நினைத்து அவர்கள் அவளை மூன்று நாள் உல்லாசப் பயணம் அனுப்பியிருந்தார்கள்.

பிரவீன்குமார் எழுந்து நின்றான். அது அருமை இல்லை என்றான். அற்புதமா என்று மிஸ் கேட்டார். இல்லை. அன்பு? இல்லை. அறிவு? இல்லவே இல்லை. அழகு என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து பலத்த மறுப்பு எழுந்தது. அதற்கு மேல் விளக்க பிரவீன்குமாருக்குத் தைரியம் வரவில்லை. விளக்கினால் எழுதியவர்கள் கதி என்ன ஆகும்? அவன் நின்றபடியே பெஞ்சைச் சுரண்டினான்.

தனுஷாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அருமை என்று கேட்ட உடனே புரிந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். இன்னும் இருபது நிமிடத்தில் பெயர் ஆபீசுக்குப் போய்விடும். மழை துணியில் எப்படிக் கேட்கும் என்பது அடுத்த வாரமே தெரிந்துவிடும். ஆனால் மிஸ் இப்போது அபாரமா, அமைதியா, அடக்கமா என்று போய்க்கொண்டிருந்தார். அந்தச் சுருக்கத்தை அந்த வகுப்பில் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததே தனுஷாதான். அதற்கு அடக்கம் என்று விரிவு சொல்வதை மட்டும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"அடங்கல மிஸ். மிக மிக அடங்கல" என்றாள்.

பிறகு கோட்டையும், அந்தப் பக்கத்தையும், முறையையும் அவளே எழுந்து போய்க் காட்டினாள். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியாத முகத்தோடு, இதுதான் லீடர் வேலையா என்று கேட்டார்.

"ஆமா மிஸ். வேற இன்னா வேல?"

தனுஷா உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மிஸ் வகுப்பைப் பார்த்தார். வகுப்புக்கும் தெரியவில்லை. பந்தயத்தில் ஜெயித்தால் கப்பை வாங்குவது என்றான் ஒருவன். அது கேப்டன் என்று இன்னொருவன் திருத்தினான்.

மணி பதினொன்றே முக்கால். மிஸ் மறுபடி சீட்டு கொடுத்தார். இந்த முறை தெளிவாகச் சொன்னார். இது தண்டனை இல்லை, முகாம். முன்னால் யார் நடந்தால் நீங்கள் பின்னால் நடப்பீர்களோ அவர் பெயரை எழுதுங்கள். அடித்துத் திருத்திய சீட்டு செல்லாது. வேறு சீட்டும் கிடையாது.

இந்த முறை யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் பரீட்சையில் மறைப்பதுபோல் கையை வளைத்து மறைத்துக்கொண்டு எழுதினார்கள். தனுஷா சீட்டை முன்னால் வைத்து யோசித்தாள். இருபத்து மூன்று ஓட்டும் போனது போனதுதான். இருந்தாலும் தன் ஓட்டைத் தனக்கே போட்டுக்கொள்வதில் தப்பில்லை. அப்போது பக்கத்து பெஞ்சில் பிரின்சி, கூடாரத்தில் பாம்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று முன்னால் இருப்பவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தாள். தனுஷா அவளை முறைத்தாள். முறைத்துவிட்டுக் குனிந்தால் சீட்டில் 'பிரின்சி' என்று இருந்தது.

இரண்டு வருடப் பழக்கம். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. 'அ.' போடுவதற்குள் நிறுத்திக்கொண்டது ஒன்றுதான் மிச்சம். அடித்தால் செல்லாது. அடிக்காவிட்டால்தான் என்ன, இருபத்து நாலில் ஒன்று என்ன செய்துவிடும் என்று மடித்துக் கொடுத்தாள்.

மிஸ் வாசிக்க ஆரம்பித்தார். பிரவீன்குமார். பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். அடுத்தது வேறு பெயர். அதற்கு அடுத்தது வேறு. பத்துச் சீட்டு தாண்டியதும் அவர் குரலில் வேகம் குறைந்தது. பத்தும் பத்துப் பெயர். பத்தும் பத்துக் கையெழுத்து. இருசப்பனுக்கும் ஒன்று விழுந்தது. அதை எழுத அவன் எப்போது விழித்தான் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒவ்வொன்று, தனுஷாவுக்கு மட்டும் சுழி. கடைசிச் சீட்டைப் பிரித்த மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரின்சி. ரெண்டு."

பிரின்சி பேச்சற்றுப் போனாள். அந்த வாரத்தில் அது இரண்டாம் முறை.

மிஸ்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லோரும் தங்கள் பெயரையே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் இன்னொருவர் பெயரை எழுதியிருக்கிறார். சுழி யாருக்கு என்று பார்த்தாலே அது யாரென்று தெரிந்திருக்கும்; அது தோன்றாமல், கேட்டே தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டார். ஓட்டு ரகசியம்தான் என்றாலும், விருப்பமிருந்தால் கை தூக்கலாம் என்றார்.

முதல் கை பிரவீன்குமாருடையது. தூக்காமல் இருந்தால் தனக்கே போட்டுக்கொண்டவன் என்று தெரிந்துவிடுமே. அடுத்த நொடி அவன் பெஞ்சு முழுக்கக் கை தூக்கியது. அப்புறம் பெண்கள் பக்கம். கடைசியாக இருசப்பன். இருபத்து இரண்டு கைகள். மிஸ் பாதி எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டு, பிரின்சியின் பெயரை அனுப்பக் கணினி இருக்கும் அறைக்குப் போனார்.

தனுஷாவின் கை மேஜையைவிட்டு நாலு விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. இனித் தூக்கினால் அது இருபத்து மூன்றாவது பொய்யாகத்தான் தெரியும். இறக்கிக்கொண்டாள்.

பிரின்சி எல்லாக் கைகளையும் நன்றியோடு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தாள்.

"தெரியும்டி. நீ மட்டும் போட்டிருக்க மாட்ட."

தனுஷா ஜன்னல் பக்கம் திரும்பினாள். மலை பச்சையாகியிருந்தது.

"அங்க குளுருமாம். சொட்டர் எடுத்துக்கினு போவணும்" என்றாள்.

"எங்க வூட்ல சொட்டர் ஏதுடி?"

"எங்க வூட்ல கீது. திங்கக்கெழம எடுத்துக்கினு வரேன். டார்ச்சு ஒண்ணு, தட்டு ஒண்ணு, டம்ளர் ஒண்ணு கொண்டாரணும்னு போட்டிருக்கு. மறந்துடப் போற, எழுதிக்கோ."

பிரின்சி பேனா தேடிப்போனாள். போகும்போதே கூடாரத்தில் பாம்பு வந்தால் என்ன செய்வது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு போனாள்.